பிள்ளையின் முதல் பியானோ போட்டி: விண்ணப்பத்திலிருந்து மேடை வரை

என் மகள் முதன்முதலாகப் போட்டியில் வாசித்தபோது அவளுக்கு வயது 10. மூன்று பீஸ் (இசைத் துண்டுகள்). முதல் இரண்டும் நன்றாகவே போயின. மூன்றாவதன் கடைசிப் பகுதிக்குள் அவள் நுழையும்போது நடுவர் மேஜையில் மணி அடித்தது. நேரம் முடிந்தது, எழுந்துவிடலாம் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாது. இன்னும் நான்கு பார் (தாளக் கட்டங்கள்) வாசித்தாள். யாரோ கையசைத்ததும் சட்டென்று நிறுத்திவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடினாள். பிழை அவளுடையது இல்லை. விதிமுறைத் தாளில் ஒரு வரியை நான் மேலோட்டமாகப் படித்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் வெஸ்டர்ன் இசை கற்றதில்லை. சென்னையில் ஒரு மிஸ்ஸிடம் வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோ, இரண்டு கிரேடு பரீட்சை, அவ்வளவுதான். இதே நிலையில் இருந்துகொண்டு முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எப்படி வாசிப்பது என்பதை உங்கள் மிஸ்ஸோ சாரோ சொல்லிக்கொடுப்பார்கள். மற்றதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1. பரீட்சை வேறு, போட்டி வேறு

ட்ரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு பரீட்சையில் 100க்கு 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அடுத்த அறையில் யார் வாசித்தாலும் அந்தக் கோடு நகராது. போட்டியில் அப்படி ஒரு கோடு கிடையாது. அன்று வந்தவர்களுக்குள் யார் என்பதுதான் கணக்கு. பெரும்பாலும் ஸ்கேல் (ஸ்வர வரிசை), சைட் ரீடிங் (புதிதாகப் பார்த்து உடனே வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுச் சொல்வது) எதுவும் இருக்காது. பீஸ் மட்டும்தான். பரீட்சையில் ஒரு பீஸ் சொதப்பினால் ஸ்கேலில் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை.

முதல் போட்டிக்கு, ஊரிலேயே நடக்கும் நேரடிப் போட்டியாகப் பாருங்கள். வீடியோ அனுப்பும் ஆன்லைன் போட்டிகள் ஏராளம். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் கலந்துகொண்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு பரிசு, பிறகு சான்றிதழுக்குத் தனிக் காசு, கோப்பைக்குத் தனிக் காசு, வெளிநாட்டில் ‘வெற்றியாளர் கச்சேரி’யில் வாசிக்க அழைப்பு, அதற்குச் சொந்தச் செலவில் டிக்கெட் என்று நீளும் வகையும் உண்டு. பெயர் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நடுவர்கள் யார்? நுழைவுக் கட்டணத்துக்கு அப்புறம் வேறு ஏதாவது கட்ட வேண்டுமா? நேரான பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

2. விதிமுறைத் தாளைப் பென்சிலோடு படியுங்கள்

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். தாளை அச்செடுத்து, கீழே சொல்லும் விஷயங்களைத் தேடிப்பிடித்து அடிக்கோடு போடுங்கள்.

வயது எந்தத் தேதிப்படி? போட்டி நாளன்றா, ஜனவரி 1 அன்றா, விண்ணப்பக் கடைசி நாளன்றா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். பிறந்தநாள் இடையில் வந்தால் பிள்ளை மேல் பிரிவுக்குத் தள்ளப்படலாம். அங்கே 13 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

நேரம். ‘மொத்தம் 5 நிமிடத்துக்கு மிகாமல்’ என்று எங்கள் தாளில் இருந்தது. நான் வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று பீஸையும் தனித்தனியாக அளந்து கூட்டினேன். 4 நிமிடம் 50 நொடி. ஆஹா, பத்து நொடி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பீஸுக்கும் பீஸுக்கும் நடுவே கையை மடியில் வைத்து மூச்சு விடும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை ஒரே ஓட்டமாகத்தான் கடிகாரம் ஓடும். மேடையில் பிள்ளைகள் வேகமாகத்தான் வாசிப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். என் மகள் பயத்தில் மெதுவாக வாசித்தாள். அரை நிமிடமாவது இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

ரிப்பீட், அதாவது ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிப்பது. பாதி குழப்பம் இதில்தான். ‘ரிப்பீட் வாசிக்கக் கூடாது’ என்று சில போட்டிகளில் இருக்கும். சிலவற்றில் நம் விருப்பம். ஒன்றுமே எழுதவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் தாளில் ‘ரிப்பீட் தேவையில்லை’ என்று நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தேவையில்லை என்றால் வாசித்தாலும் தப்பில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். தப்பில்லைதான். ஆனால் அந்த ரிப்பீட்டுகளை விட்டிருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருந்திருக்கும்.

கடைசியாக, பார்க்காமல் வாசிக்க வேண்டுமா, இசைப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொள்ளலாமா? நடுவருக்குப் பிரதி கொடுக்க வேண்டுமா? ஜெராக்ஸ் ஏற்பார்களா? அச்சிட்ட அசல் புத்தகம்தான் வேண்டும் என்று கறாராக இருக்கும் இடங்கள் உண்டு.

3. பீஸ்: முடிந்ததை எடுங்கள், முடியப்போவதை அல்ல

மிஸ் ஒரு பட்டியல் சொல்வார். பிள்ளை வேறு ஒன்று கேட்கும். யூடியூபில் பார்த்த மூன்றாவது ஒன்று உங்கள் மனதில் இருக்கும். மூன்றாவதை மறந்துவிடுங்கள். இன்று ஓரளவு சுத்தமாக வாசிக்க முடிகிற பீஸை நான்கைந்து மாதம் மெருகேற்றுவதுதான் முதல் போட்டிக்குச் சரி. கடினமான பீஸைத் தட்டுத் தடுமாறி வாசித்த ஒரு பையனைத் தாண்டி, சின்ன சொனாட்டினா (சில பகுதிகள் கொண்ட எளிய பீஸ்) ஒன்றை முத்து முத்தாக வாசித்த பெண் பரிசு வாங்கியதை அன்று நேரில் பார்த்தேன்.

எங்களுடையவை: ஜி மேஜர் மினுவெட், கிளெமென்டியின் ஓபஸ் (படைப்பு எண்) 36 எண் 1 சொனாட்டினாவின் முதல் பகுதி, புர்க்முல்லரின் ஓபஸ் 100-ல் வரும் அரபெஸ்க். தொடக்க நிலையில் எல்லோரும் வாசிக்கிறவைதான். அதனால் குறைவில்லை. ஆனால் நடுவர் அதே அரபெஸ்க்கை அன்று ஏழாவது முறையாகக் கேட்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

விண்ணப்பத்தில் பீஸ் விவரம் முழுதாக வேண்டும். இசையமைப்பாளர், தலைப்பு, ஓபஸ் எண், எந்தப் பகுதி, எந்தச் சுருதி (ஜி மேஜர் போல). ‘சொனாட்டினா, கிளெமென்டி’ என்று மட்டும் போட்டால் அவர் எழுதிய எத்தனையோ சொனாட்டினாக்களில் எது என்று தெரியாது. இன்னொரு பொறி: அந்த ஜி மேஜர் மினுவெட் பல புத்தகங்களில் பாக் பெயரில்தான் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். ‘ஒரே இசையமைப்பாளரின் இரண்டு பீஸ் கூடாது’ என்று விதி இருக்கும் இடத்தில் இதெல்லாம் விளையாடும். எளிமைப்படுத்திய வடிவங்களையும் பல இடங்களில் ஏற்பதில்லை. பீத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’ தெரியும் என்று சொல்லும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முதல் பக்கம்தான் தெரியும். பெயர் கொடுத்தால் முழுதும் வாசிக்க வேண்டும்.

புத்தகம் வாங்குவதை மாதக்கணக்கில் முன்னாலேயே முடியுங்கள். உர்டெக்ஸ்ட் (இசையமைப்பாளர் எழுதியதை ஒட்டிய மூலப் பதிப்பு) கேட்டால் ஹென்லே, பேரன்ரைட்டர் பதிப்புகளைத் தேட வேண்டியிருக்கும். கடையில் இருப்பு இல்லாவிட்டால் வரவழைக்க வாரங்கள் ஆகும். பழைய மேதைகளின் பீஸ்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது உண்டு. 1987-ல் இறந்த கபலேவ்ஸ்கியின் குட்டிப் பீஸ்களை, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தவை, இணையத்தில் இறக்கி அச்செடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

4. காகிதங்கள்: இன்ஷியல்தான் வில்லன்

கேட்பவை பெரிதாக ஒன்றுமில்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படம், சில இடங்களில் ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம் அல்லது பள்ளியின் போனஃபைடு சான்றிதழ். சிக்கல் பெயரில் வரும்.

விண்ணப்பப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் ஒரு இன்ஷியலும்தான். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் பின்னால் இன்ஷியல், பள்ளியில் முன்னால் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. நான்கு காகிதத்தில் நான்கு விதமாகப் பெயர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கத்தான் செய்வார். ஏதாவது ஒரு ஆவணத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சான்றிதழில் அச்சாகப்போவதும் அந்தப் பெயர்தான்.

இன்னொன்று, பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம். பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்து, அப்படியே விட்டுவிட்ட வீடுகள் நிறைய. பிறப்பைப் பதிந்து 12 மாதம் வரை பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தின வாரம் செய்கிற வேலை இல்லை இது.

5. பணம்

தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய், திரும்பக் கிடைக்காது. புத்தகங்கள் 1,800. கிராண்ட் பியானோ (படுக்கைவாட்டில் இருக்கும் பெரிய பியானோ) உள்ள அறை வாடகை மணிக்கு 600 என்று ஆறு மணி நேரம், 3,600. மிஸ்ஸின் கூடுதல் வகுப்புகள் நான்கு, 3,200. ஆட்டோ, சாப்பாடு, ஒரு ஜோடி ஷூ எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சம். மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. இதில் எதைக் குறைத்தாலும் அறை வாடகையைக் குறைக்காதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் வருகிறது.

ஜி-பேயில் கட்டினால் குறிப்பில் பிள்ளையின் பெயரையும் பிரிவையும் எழுதுங்கள். பரிவர்த்தனை எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெளிநாட்டுப் போட்டி என்றால் உங்கள் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைந்தே இருக்கும். வங்கியின் செயலியில் போய் அதைத் திறந்துவிட்டுத்தான் கட்ட முடியும். கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்றும் பாருங்கள்.

6. நிஜப் பியானோவில் உட்கார வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

61 கீ உள்ள கீபோர்டில் பயிற்சி செய்துவிட்டுப் போட்டிக்குப் போக முடியாது. 88 கீ, அழுத்தும்போது கனம் தெரியும் டிஜிட்டல் ஓரளவு பரவாயில்லை. ஆனால் அதுவும் பியானோ இல்லை. டிஜிட்டலில் ஒலியளவுக் குமிழ் இருக்கிறது, பியானோவில் விரல்தான் குமிழ். மெதுவாக அழுத்தினால் கீ இறங்கும், சத்தமே வராது. என் மகளுக்கு முதல் நாள் இதுதான் நடந்தது. மினுவெட்டின் இடது கையில் பாதி நோட்டுகள் காணாமல் போயின. ‘அம்மா, இது ரிப்பேர்’ என்றாள்.

ஒலியை நீட்டக் காலால் மிதிக்கும் பெடல் அடுத்த அதிர்ச்சி. விலை குறைந்த டிஜிட்டலோடு வரும் பெடல் ஸ்விட்ச் மாதிரி. அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. நிஜப் பியானோவில் பாதி அழுத்தினால் பாதி விளைவு. கிராண்டில் இடது பெடலை மிதித்தால் கீபோர்டு மொத்தமும் கொஞ்சம் வலப்பக்கம் நகரும். தெரியாத பிள்ளை மேடையில் பயந்துபோகும். அப்ரைட்டில் (செங்குத்தாக நிற்கும் பியானோவில்) நடுப் பெடல் பலவற்றில் சத்தத்தை அமுக்குவதற்கானது. தவறி மிதித்து அது பூட்டிக்கொண்டால் பீஸ் முழுக்கப் போர்வைக்குள் வாசிப்பது போல இருக்கும்.

எங்கே கிடைக்கும்? இசைப்பள்ளிகளில் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள். சில தேவாலயங்களில் நல்ல பியானோ இருக்கும். ஆயரிடம் நேரில் போய்க் கேட்டால், ஆராதனை இல்லாத நேரத்தில் அனுமதிப்பதும் உண்டு. சில பள்ளி அரங்குகளிலும் இருக்கும். முதலில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சென்னை ஈரப்பதத்துக்கு, பராமரிக்காத பியானோவில் கீ ஒட்டிக்கொள்வது சகஜம், அதுவும் ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அழுத்திய கீ எழும்பாத பியானோவில் பயிற்சி செய்து பயனில்லை.

ஒரே பியானோவில் ஆறு மணி நேரத்தைவிட மூன்று பியானோவில் இரண்டிரண்டு மணி நேரம் மேல். வயலின்காரர் தன் வயலினோடு வருவார். பியானோ வாசிப்பவருக்கு எந்த ஊரிலும் எது கிடைக்கிறதோ அதுதான். முதல் இரண்டு நிமிடத்தில் கீயின் கனம், சத்தம், பெடல் மூன்றையும் பிடித்துக்கொள்ளப் பழக்குங்கள்.

பெஞ்சைச் சொல்ல மறக்கக் கூடாது. போட்டியில் எங்களுக்கு முன் வாசித்தது உயரமான ஒரு பையன். அவன் பெஞ்சைத் தாழ்த்திவிட்டுப் போயிருந்தான். பின்னால் தள்ளியும் வைத்திருந்தான். என் மகள் அப்படியே ஏறி உட்கார்ந்தாள். முழங்கை கீபோர்டுக்குக் கீழே, கால் நுனி மட்டும் பெடலில். பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி உயர்த்திக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் எங்களுக்கு இருப்பது குமிழ் இல்லாத மடக்கு ஸ்டூல். அறை வாடகைக்கு எடுக்கும் நாளில் வேண்டுமென்றே பெஞ்சைக் கலைத்து வைத்து, பிள்ளையையே சரிசெய்யச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே குமிழைத் திருப்பக் கூடாது, கொஞ்சம் எழுந்து திருப்ப வேண்டும். இதற்கு மேடையில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரம்.

7. மனப்பாடம்: டப்பாவும் சீட்டும்

விரல் மனப்பாடம் செய்வது எளிது. முதலிலிருந்து தொடங்கினால் கை தானாக ஓடும். நடுவில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும். மேடையில் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இதனால்தான்.

மிஸ் சொல்லிக்கொடுத்த வழி: ஒவ்வொரு பீஸிலும் ஆறு ‘இறங்குமிடங்கள்’. பஸ் ஸ்டாப் மாதிரி. இசைப் புத்தகத்தில் பென்சிலால் 1 முதல் 6 வரை குறிக்க வேண்டும். மூன்று பீஸுக்குப் பதினெட்டு. அத்தனைக்கும் சீட்டு எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டோம். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் தம்பி ஐந்து சீட்டு எடுப்பான். ‘கிளெமென்டி 4’ என்றால் அந்த இடத்திலிருந்து பார்க்காமல் தொடங்க வேண்டும். முதல் வாரம் பாதிக்கு மேல் தெரியவில்லை. மூன்றாவது வாரம் தம்பிக்கே அலுத்துவிட்டது, அவ்வளவு சரியாக வந்தது. தடுக்கினால் பின்னால் போகக் கூடாது, அடுத்த ஸ்டாப்புக்குத் தாவ வேண்டும் என்பதையும் இப்படியே பழக்கலாம்.

அப்புறம் பாதி வேகத்தில், மெட்ரோனோம் (தாளத்தை டிக் டிக் என்று காட்டும் கருவி) வைத்து, பார்க்காமல் ஒரு முறை. வேகத்தில் ஒளிந்திருக்கும் ஓட்டைகள் எல்லாம் வெளியே வரும்.

கால அளவு: பீஸ்கள் முடிவாவது நான்கு மாதத்துக்கு முன். மனப்பாடம் முடிவது ஆறு வாரத்துக்கு முன். அதன் பிறகு புதிதாக விரல் எண்களை (எந்த நோட்டுக்கு எந்த விரல் என்பதை) மாற்றாதீர்கள், மிஸ் சொன்னால் தவிர.

8. வீடியோ சுற்று இருந்தால்

சில போட்டிகளில் முதல் சுற்று வீடியோ. வெட்டி ஒட்டாத ஒரே பதிவாக வேண்டும். முகம், இரண்டு கை, கீபோர்டு, கால் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள். வலப்பக்கத்திலிருந்து, கீபோர்டை விடச் சற்று உயரத்தில் கைபேசியை ஸ்டாண்டில் வைத்தால் சரியாக வரும். விமானப் பயன்முறையில் போடுங்கள். எங்கள் சிறந்த பதிவில் மூன்றாவது பீஸின் நடுவே என் மாமியாரின் அழைப்பு வந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் வைக்காதீர்கள். பதிவை வாட்ஸ்அப்பில் மிஸ்ஸுக்கு அனுப்பி, அவர் அதை மேலேற்றுவது என்ற ஏற்பாடு வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், ஒலி கெடும். மூலக் கோப்பை நேரே ஏற்றுங்கள். ஒரே நாளில் நான்கைந்து முறைக்கு மேல் எடுக்க முயல வேண்டாம், ஆறாவதில் பிள்ளைக்கு அழுகைதான் வரும்.

9. உடை, நகம், கடைசி வாரம்

பட்டுப்பாவாடை பார்க்க அழகு. ஆனால் கரை பெடலில் மாட்டும். வளையல் கீயில் தட்டும். முழங்கால் அளவு கவுன் அல்லது பேன்ட், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போதும். அந்த ஷூவோடு மூன்று நாளாவது பெடல் பழக வேண்டும். வெறுங்காலில் பழகிய பாதத்துக்கு ஷூ போட்டால் பெடல் எங்கே என்றே தெரியாது. நகத்தை இரண்டு நாள் முன்னால் வெட்டுங்கள். அன்று காலை வெட்டினால் விரல் நுனி கூசும்.

வீட்டில் ஒரு ஒத்திகை வையுங்கள். பக்கத்து வீட்டார், பாட்டி, யாராவது ஐந்து பேர் நாற்காலியில் உட்கார வேண்டும். கதவு வழியாக நடந்து வருவது, வணங்குவது, பெஞ்சைச் சரிசெய்வது, வாசிப்பது, எழுந்து மறுபடி வணங்குவது எல்லாமே ஒத்திகைதான். நடுவில் ஒரு முறை மணி அடித்துக் காட்டுங்கள். மணி அடித்தால் கையை எடுத்து, எழுந்து, வணங்கிவிட்டு வரலாம், அது தண்டனை இல்லை என்று சொல்லிவையுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

10. போட்டி நாள்

ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். இரண்டு மணி நேரம் முன்னால் போனால் மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டே நம் பிள்ளை சோர்ந்துவிடும். பையில் அசல் ஆவணங்கள், கட்டண ரசீது, இசைப் புத்தகம், தண்ணீர், வாழைப்பழம், ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். அரங்கில் ஏசி குளிர் எலும்பைத் தொடும், விரல் விறைத்துவிடும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோய் டம்ளரில் ஊற்றி, உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது உதவியது.

பதிவு மேஜையில் பெயர், பீஸ் பட்டியல் இரண்டையும் சரிபாருங்கள். வரிசை மாறியிருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். மேடைப் பியானோவில் முன்கூட்டித் தொட அனுமதி பெரும்பாலும் இல்லை. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. வீடியோ எடுக்கலாமா என்றும் கேளுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து வாயசைத்து எண்ணாதீர்கள். நான் எண்ணினேன், அவள் பார்த்துவிட்டாள்.

11. முடிவுக்குப் பிறகு

நடுவர் குறிப்புத் தாள் தருவார்களா என்று விசாரியுங்கள். கேட்டால்தான் தருவது சில இடங்களில் வழக்கம். எங்களுக்குக் கிடைத்ததில் பென்சிலால் மூன்று வரி: மினுவெட்டின் தாளம் நன்று, கிளெமென்டியில் இடது கை சத்தம் அதிகம், பெஞ்ச் உயரத்தைக் கவனிக்கவும். கையெழுத்து புரிவதற்கே மிஸ்ஸின் உதவி தேவைப்பட்டது. அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஒரு மாதத்தில் பென்சில் மங்கிவிடும். எங்கள் டப்பாவில் இப்போது புதுச் சீட்டுகள் இருக்கின்றன. அடுத்த போட்டியின் நேரம் 6 நிமிடம். ரிப்பீட் இல்லாமல் அளந்ததில் 5 நிமிடம் 10 நொடி வருகிறது, இடைவெளிகளையும் சேர்த்து.